திருவொற்றியூரில் முதுகைப் பாருங்கள்

கோதிக் தேவாலயம் என்றால் மணிக்கணக்கில் பேசும் நண்பர்கள் எனக்கு உண்டு. பாரிஸுக்குப் போய் நோத்ர தாம் முன்னால் கழுத்து வலிக்க நின்றுவிட்டு வருவார்கள். அதைவிட மூத்த கற்கோயில் ஒன்று நம் திருவொற்றியூரில் இருக்கிறது என்றால், "அந்தப் பக்கமா? ஒரே லாரிப் புழுதி!" என்று முகம் சுளிப்பார்கள். வாரக் கடைசியில் பாரம்பரிய நடை கிளம்புகிறவர்களுக்கும் மயிலாப்பூரையும் ஜார்ஜ் டவுனையும் விட்டால் சென்னை கிடையாது. திருவொற்றியூர் தேரடி என்றே மெட்ரோ நிலையம் வந்துவிட்டது. இனி சாக்கு செல்லாது.

அடிப்படைகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். தியாகராஜர் கோயில். மூலவர் ஆதிபுரீசுவரர், அம்மன் வடிவுடையம்மன். தேவார மூவரும் பாடிய தலம். சுந்தரர் சங்கிலியாரை மணந்த ஊர். போதும். கோபுரத்தடியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்காதீர்கள். உயரத்தை வைத்துக் கோயிலை எடைபோடுவது மேம்போக்கான ரசனை. சோழர் கலை என்றாலே தஞ்சாவூர் என்று எழுதிப் பழகியவர்கள் பரப்பிய நோய் அது. சாமியைக் கும்பிட்டுவிட்டு நேரே மூலவர் சன்னதியின் பின்பக்கம் வாருங்கள்.

சுவர் வளைகிறதா? இதுதான் தூங்கானை மாடம். நூல்களில் கஜபிருஷ்டம், அதாவது யானை முதுகு என்பார்கள். மாமல்லபுரத்தில் சகாதேவ ரதத்தின் முதுகும் இப்படித்தான். பார்க்கிறவனுக்குப் புரியட்டும் என்று பல்லவச் சிற்பி பக்கத்திலேயே ஒரு கல் யானையை நிறுத்தியிருக்கிறான். ஐரோப்பியத் தேவாலயத்திலும் பீடத்துக்குப் பின்னால் சுவர் அரைவட்டமாகத் திரும்பும். உடனே "இரண்டும் ஒன்றுதானே" என்கிறார்கள். இல்லை! இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. பாரிஸ் அருகே செயின்ட் டெனிஸில் 1144இல் அர்ப்பணித்த அந்த வளைவு உள்ளே நிற்பவனுக்காகக் கட்டியது. கண்ணாடி வழியே வெளிச்சம் கொட்டவேண்டும். அதற்காகச் சுவரை மெலிய விட்டார்கள். பின்னால் வந்தவர்கள் அதையே பெரிதாக்கி, பாரத்தைத் தாங்கும் முட்டுகளை எல்லாம் வெளியே தள்ளினார்கள். நம் வளைவு வெளியே நடப்பவனுக்காக. உள்ளே இருட்டு, இருட்டாகத்தான் இருக்கவேண்டும். அழகு முழுவதும் பிராகாரத்தின் பக்கம். சதுரக் கோயிலை வலம் வந்தால் மூலைக்கு மூலை ஒரு சுவர் முடிந்து இன்னொன்று தொடங்கும். இங்கே பின்பக்கம் மூலையே கிடையாது. நீங்கள் நடக்க நடக்கச் சுவரும் கூடவே திரும்பிக்கொண்டு வரும். ஆகவே நின்று பார்க்காதீர்கள், நடந்துகொண்டே பாருங்கள். அடித்தளமான அதிட்டானத்தில் ஒரு வரியைக் கண்ணால் பிடித்துக்கொள்ளுங்கள். நேர்க்கோட்டில் கல் செதுக்கப் பழகிய கை, அதே வரியை வளைத்துக்கொண்டு போகிறது. கணக்குப் பிசகினால் அடுத்த கல் உட்காராது.

அந்தக் கை யாருடையது என்பதும் தெரியும். முதலாம் ராஜேந்திரன் காலத்தில் (1012–1044) இங்கிருந்த மடத்தின் சதுரானன பண்டிதர் சொல்ல, இந்த விமானத்தைக் கருங்கல்லில் எடுத்தவன் ரவி என்னும் வீரசோழத் தச்சன் என்று கல்வெட்டு சொல்கிறது. செயின்ட் டெனிஸுக்கு நூறு வருஷம் முந்தி!

இன்னொன்று, நமக்குள் இருக்கட்டும். எனக்கு இங்கே ரொம்பப் பிடித்த ஆள் ரவிகூட இல்லை. அந்த மடத்தில் அதே பெயரில் முன்னால் இருந்த ஒரு சதுரானனர். கேரளத்துக்காரர், வெள்ளன் குமரன் என்று பெயர். சோழ இளவரசன் ராஜாதித்தனின் படைத்தலைவர். 949இல் தக்கோலத்தில் ராஜாதித்தன் யானைமேல் மாண்டபோது இவர் உடன் இல்லை. அந்தக் குற்ற உணர்வு தாங்காமல் கங்கையாடித் திரும்பி, நிரஞ்சன குருவிடம் துறவு வாங்கி இங்கேயே தங்கிவிட்டார். இதைச் சொல்லும் கல்வெட்டு எந்த அரசனின் ஆட்சியாண்டில் பொறித்தது தெரியுமா? ராஜாதித்தனை வென்ற ராஷ்டிரகூடக் கிருஷ்ணனின் ஆண்டில்!

பௌர்ணமியன்று போகாதீர்கள். மேலூர் திருவுடை, இங்கே வடிவுடை, வடதிருமுல்லைவாயில் கொடியிடை என்று மூன்று அம்மனையும் ஒரே நாளில் தரிசிக்கக் கூட்டம் நெரியும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மூலவரின் கவசத்தைத் திறப்பார்கள். அப்போது சாமிக்காகப் போங்கள், சுவரை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.