பீவர் விமானத்தை ரசிப்பது எப்படி?

ஆகாய விமானத்தின் அழகு என்று சொன்ன மாத்திரத்தில், கூரிய மூக்கும் பின்னோக்கிச் சரிந்த இறக்கைகளும் கொண்டு மேகங்களைக் கிழித்துச் செல்லும் வேக விமானங்களே நம்மில் பலருடைய மனக்கண்ணில் தோன்றுகின்றன. அந்த ஞாபகத்தோடு, கனடா தேசத்து டி ஹாவிலாண்ட் கம்பெனியார் நிர்மாணித்த பீவர் விமானத்தின் முன் போய் நிற்கிறவருக்கு முதல் பார்வையில் ஏமாற்றமே உண்டாகும். மழுங்கிய முகம், சதுரித்த உடல், அடி முதல் நுனி வரை ஒரே அகலமாக நீண்ட இறக்கை, வாலின் அடியில் சின்னஞ்சிறு சக்கரம் ஒன்று. சௌந்தரியம் என்று சொல்ல இதில் என்ன இருக்கிறது என்று அவர் நினைக்கக்கூடும். ஆனால் இந்த யந்திரத்தின் ஒவ்வோர் அவயவத்தையும் தனித்தனியே நோக்கி, ‘யாருடைய எந்தக் கஷ்டத்தைத் தீர்ப்பதற்காக இது இவ்விதம் அமைக்கப்பட்டது?’ என்று பொறுமையாக வினவத் தொடங்கினால், பிரயோஜனமே அழகாகப் பரிணமிக்கும் அபூர்வத்தை அவர் இங்கே காண்பார். பீவரை ரசிக்கும் வழி அந்தக் கேள்விதான்.

கேள்விக்கு விடை காணச் சற்றுச் சரித்திரம் தெரிந்திருக்க வேண்டும். கனடாவின் வடபாகம் எண்ணற்ற ஏரிகளும் முடிவில்லாத வனங்களும் நிறைந்த, சாலைகள் மிக அரிதான பிரதேசம். கோடையில் மிதவைகளைப் பூட்டி நீரிலும், குளிர்காலத்தில் சறுக்குக் கட்டைகளைப் பூட்டிப் பனியிலும் விமானத்தை இறக்கி, சுரங்கத் தொழிலாளிக்கு உணவும், வேட்டைக்காரனுக்குத் தபாலும், நோயாளிக்கு உயிரும் கொண்டு சேர்த்தவர்கள் அங்கிருந்த வனாந்தர விமானிகள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் புதிய விமானமொன்றைச் செய்யத் தீர்மானித்த கம்பெனித் தலைவர் பில் காரட்டும், தாமே வனாந்தர விமானியாகப் புகழ் பெற்றிருந்த பஞ்ச் டிக்கின்ஸும், அந்த விமானிகளுடைய அபிப்பிராயங்களைக் கேட்டுத் திரட்டச் செய்தார்கள். குறுகிய இடத்தில் எழும்ப வேண்டும், தாராளமான சக்தி வேண்டும், பாரம் ஏற்றி இறக்குவது சுலபமாக இருக்க வேண்டும் என்றெல்லாம் வற்புறுத்திய அவர்கள், வேகத்தைப் பெரிதாகக் கருதவில்லை. பிரெட் புல்லர், டிக் ஹிஸ்காக்ஸ் முதலிய பொறியியலாளர்கள் அந்தக் கோரிக்கைகளையே இலக்கணமாகக் கொண்டு வேலையைத் தொடங்கினார்கள். பிரிட்டிஷ் என்ஜின் ஒன்றை மனத்தில் வைத்து வரையப்பட்ட திட்டம், பிராட் அண்ட் விட்னி கம்பெனியின் 450 குதிரைச் சக்தியுள்ள வாஸ்ப் ஜூனியர் என்ஜின் கிடைத்ததும் மாற்றி வரையப்பட்டது. இன்று தமிழர்கள் பெருந்தொகையாக வாழும் டொராண்டோ நகரத்தில், டவுன்ஸ்வியூ மைதானத்திலிருந்து, 1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் தேதி, ரஸ் பானக் என்ற விமானி முதல் பீவரை ஆகாயத்தில் செலுத்தினார். 1967-இல் உற்பத்தி நின்றபோது 1,657 விமானங்கள் வெளிவந்திருந்தன. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை அமெரிக்க ராணுவத்தையும் விமானப் படையையும் சேர்ந்தன.

இனி விமானத்தின் அருகே போகலாம். முதலில் பக்கவாட்டில் நின்று அதன் நிலையைப் பாருங்கள். முன்னே இரு பெரிய சக்கரங்கள், பின்னே வாலடியில் ஒரு சிறு சக்கரம். ஆகவே மூக்கு வானத்தையும் வால் பூமியையும் நோக்கியிருக்கின்றன. அசையாமல் நிற்கும்போதே இறக்கை காற்றை எதிர்கொள்ளும் கோணத்தில் உயர்ந்திருப்பதும், கல்லிலும் மண்ணிலும் படாமல் உந்துவிசிறி தரையிலிருந்து மிக எட்டி நிற்பதும் இந்த ஏற்பாட்டின் பயன். முன்சக்கரம் ஒன்றை மூக்கின் கீழ் வைத்திருந்தால் கரடுமுரடான தரையின் அதிர்ச்சியெல்லாம் அதன் மெல்லிய காலில் இறங்கியிருக்கும். இந்த நன்மைக்கு விமானி ஒரு விலை கொடுத்தே தீரவேண்டும். விமானத்தின் எடை மையம் பிரதான சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், தரையில் ஓடும்போது சிறிது கோணினாலும், இறகை முன்னே வைத்து எய்த அம்பைப்போல, பின்பாகம் சுழன்று முன்னே வரப் பார்க்கும். எனவே சக்கரம் மண்ணைத் தொட்ட பிறகும், விமானம் முற்றிலும் நிற்கும் வரையில், வால்துடுப்பை இயக்கும் மிதிகளில் அவருடைய பாதங்கள் ஓயாமல் விழித்திருக்க வேண்டும்.

அடுத்தபடியாக இறக்கையைக் கவனியுங்கள். உடலின் உச்சியில், பக்கத்துக்கு ஒரு தாங்குகோலின் துணையோடு, 48 அடி அகலத்துக்கு அது விரிந்திருக்கிறது. உயரத்தில் இருப்பதால் படகுத்துறையின் மரப்பலகைகள் அதில் இடிப்பதில்லை. கீழே உள்ள ஏரியும் காடும் விமானிக்கு மறைவதில்லை. நுனி குறுகாமல் ஒரே அகலமாக இருப்பது செய்வதற்கு எளிது என்பதோடு, வேகம் மிகக் குறைந்தாலும் விமானம் திடீரென்று ஒரு பக்கம் சரிந்துவிடாமல் காக்கிறது. விமானி தம் பக்கத்திலுள்ள கைப்பம்பை மேலும் கீழும் அசைத்து, இறக்கையின் பின்விளிம்பு மடல்களான ஃப்ளாப்புகளை இறக்கும்போது சற்றே கூர்ந்து பாருங்கள்; உடலை ஒட்டிய ஃப்ளாப்புகளோடு, நுனிப் பக்கத்தில் விமானத்தைச் சாய்ப்பதற்கென்று உள்ள மடல்களும் சேர்ந்தே தாழ்கின்றன. இறக்கை முழுவதுமே வளைந்து காற்றை ஏந்திக்கொள்கிறது. குறுகிய இடத்தில் எழும்பும் வித்தையின் ரகசியங்களில் இது ஒன்று.

பீவரின் உண்மையான நேர்த்தி கதவண்டையில்தான் பூரணமாகப் புலப்படும். பின்பகுதியின் இரு பக்கத்துக் கதவுகளும், பெட்ரோல் பீப்பாயை அப்படியே உருட்டி உள்ளே ஏற்றும்படி அகன்றவை. விமானத்தை எந்தப் பக்கமாகத் துறையில் அணைத்தாலும் இறங்க வழி இருக்க வேண்டும் என்பதற்காகவே கதவுகள் இருமருங்கிலும் உள்ளன. பெட்ரோல் தொட்டிகள் தளத்துக்குக் கீழே இருப்பதால், உறைபனியில் வழுக்கும் இறக்கைமேல் ஏறாமல், தரையில் நின்றபடியே பெட்ரோல் நிரப்பலாம். முன்னாசனத்தருகே உள்ளே குனிந்து பார்த்தால் மஞ்சள் மூடி ஒன்று தென்படும்; அதுதான் என்ஜினுக்கு மசகெண்ணெய் ஊற்றும் வாய். கடுங்குளிரில் வெளியே நின்று விரல் விறைக்க ஊற்றிய அனுபவம் உள்ளவர்கள் கேட்டு வாங்கிய வசதி இது. பறந்துகொண்டிருக்கும்போதுகூட இதன் வழியே எண்ணெய் சேர்க்க முடியும். மனிதனுடைய கஷ்டத்தை இவ்வளவு சிரத்தையோடு செவிமடுத்த யந்திர சிருஷ்டிகள் உலகில் அதிகமில்லை என்று துணிந்து சொல்லலாம்.

கண்ணுக்கு இவ்வளவு என்றால் காதுக்கும் விருந்து உண்டு. வட்டமாக அடுக்கப்பட்ட ஒன்பது சிலிண்டர்களில் அடிப்பக்கத்தவற்றில் எண்ணெய் தேங்கியிருப்பதால், என்ஜினை முடுக்கும்போது உந்துவிசிறி தயங்கித் தயங்கிச் சுழல, ஒரு பெரும் புகைச் சுருள் கிளம்பும். பிறகு ஒவ்வொரு சிலிண்டராகச் சேர்ந்துகொண்டு கனத்த சீரான முழக்கம் நிலைபெறும். எழும்பும் தருணத்தில் அந்த முழக்கம் உறுமலாக மாறுவதற்குக் காரணம், உந்துவிசிறியின் நுனிகள் ஒலியின் வேகத்தை நெருங்குவதே. மிதவை பூட்டிய பீவர் நீரிலிருந்து எழுவதைக் காணும் வாய்ப்புக் கிடைத்தால் நழுவ விடாதீர்கள். முதலில் மூக்கை உயர்த்தி நீரை உழுது செல்லும். பின்பு சமநிலைக்கு வந்து மேற்பரப்பில் வழுக்கி ஓடும். காற்றில்லாத நாளில் கண்ணாடியாய்க் கிடக்கும் ஏரி மிதவைகளைப் பற்றிக்கொள்ளும்போது, தேர்ந்த விமானி முதலில் ஒரு மிதவையை மட்டும் மெல்லத் தூக்கி நீரின் பிடியைத் தளர்த்துவார். அடுத்த கணம் மற்றதும் விடுபட்டுவிடும்.

இந்த விமானம் காட்சிசாலைக்கு மட்டும் உரியதாகிவிடவில்லை. தென்துருவப் பிரதேசத்தில் எட்மண்ட் ஹிலாரியின் குழுவினருக்கு உதவிய பீவரின் வகையினம் அலாஸ்காவிலும் வான்கூவர் துறைமுகத்திலும் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கிறது. 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி, வான்கூவரை அடுத்த நதியொன்றிலிருந்து, மின்சார மோட்டார் பொருத்திய பீவர் ஒன்று எழும்பிப் பறந்தது. ஏழு தசாப்தங்களுக்கு முன் உருவான வடிவமைப்பு புதிய யுகத்தின் சக்தியையும் தாங்கிக் காட்டியது. கனடாவில் வசிக்கும் நம்மவர்களும், அங்கே சுற்றத்தாரைக் காணச் செல்பவர்களும், சூ செயின்ட் மேரி நகரத்திலுள்ள வனாந்தர விமானக் காட்சிசாலைக்கு ஒரு நாளை ஒதுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். 1947-இல் பறந்த அந்த முதல் பீவர் அங்கேதான் இருக்கிறது. அதன் முன் நின்று, கதவிலிருந்து தொடங்கி ஒவ்வோர் அவயவத்திடமும் அதன் காரணத்தைக் கேளுங்கள். விடை சொல்லாத உறுப்பு அதில் ஒன்றும் இல்லை.