தேற்ற முடியாதவள், புலம்புகிறவள்: ஒரு சொல் குறிப்பு

சுனாமி சமயத்து ஆங்கிலக் கட்டுரைகளைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். 2004 டிசம்பர் 26 அன்று காரைக்கால் பக்கம் அலை புகுந்த பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு மாதிரி ஊர்கள். இந்த வகை எழுத்தில் பிள்ளையை இழந்த தாய் வந்தால் பின்னாடியே ஒரு சொல் வந்துவிடும்: 'இன்கன்சோலபிள்'. தப்பான சொல் இல்லை. ஆனா எனக்கு ஒட்டவே இல்லை.

லத்தீனில் ஆறுதல் சொல்வதற்கான வினை, முன்னால் ஒரு மறுப்பு. அதாவது 'தேற்ற முடியாதவர்'. கவனிச்சுப் பாருங்க, இந்தச் சொல்லுக்குள்ளே நிற்பது அழுகிறவள் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து தேற்றிப் பார்த்துத் தோற்றுப்போனவர். நிருபர் நிற்கிற இடமும் ஏறக்குறைய அதுதான். அதனால்தான் கைக்கு வசதியா வருது.

நம்ம 'ஆற்றாமை' வேற. காபியை ஆத்துறோம், புண் ஆறுது. அதே 'ஆற்று'வுக்கு இயலுதல் என்றும் பொருள் உண்டு. ஆற்றல் அதில் வந்ததுதான். ஆக ஆற்றாமை என்றால் தணியாததும் தாங்க இயலாததும் சேர்ந்தது. குறளின் 116-ஆம் அதிகாரம் 'பிரிவாற்றாமை'. அந்தத் தலைப்பில் தேற்றுகிறவருக்கு இடமே கிடையாது. தேற்றுதல் இன்னொரு படம்: கலங்கின தண்ணியைத் தேற்றாங்கொட்டை தெளிய வைக்கிற மாதிரி.

உடனே 'தமிழ் போல உண்டா' என்று கிளம்ப வேண்டாம். 'பிரீவ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் பழைய பொருள், கொள்ளை கொடுத்தவர். 'புள்ளையப் பறிகொடுத்தவ' என்று நாம சொல்றதும் அதேதான். இழந்தவள் என்றால் கேள்வி இல்லை; பறிகொடுத்தவள் என்றால் பறிச்சது யாருன்னு கேள்வி வருது. இங்கே பறிச்சது கடல். வீட்டுக்காரர் அதுக்குள்ளேதான் மறுபடி வலையோட போகணும்.

இன்னும் நெருக்கமானது 'டெசலேட்'. 'இன்கன்சோலபிள்'-இல் இருக்கிற அதே வேர்தான் இதிலும் என்று ரொம்ப நாள் நம்பிக்கிட்டிருந்தேன். இல்லை, இதன் வேருக்குத் 'தனி' என்று பொருள். தொல்காப்பிய உரியியலில் 'புலம்பு' என்பதற்கும் தனிமை என்றே பொருள்! தனிமையைக் குறித்த சொல்தான் இன்று சொல்லிச் சொல்லி அழுவதைக் குறிக்கிறது. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல், அந்த நிலத்துத் தலைவனுக்குப் புலம்பன் என்றும் ஒரு பெயர். கடற்கரையில் நடந்த துக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரிந்து இல்லை.

சிக்கல் என்னன்னா, இன்றைய ஆங்கிலத்தில் 'டெசலேட்' பெரும்பாலும் ஆளில்லாத நிலத்துக்குப் போய்விட்டது. பிரெஞ்சில் இன்னும் மோசம். அதே சொல் 'தெசோலே' ஆகி, காலை மிதித்துவிட்டுச் சொல்கிற 'சாரி' அளவுக்கு இறங்கிவிட்டது. 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரில் இருந்துகொண்டு இதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

அப்போ எந்தச் சொல்லைப் போடுவது? புறநானூறு 112-ஐ எடுத்துக்குங்க. பாரி இறந்தபின் அவன் மகளிர் பாடியது, துறை கையறுநிலை. அதில் துக்கத்துக்கு அடைமொழியே இல்லை. போன முழுநிலா அன்று அப்பா இருந்தார், குன்றும் இருந்தது. இந்த நிலாவில் இரண்டும் இல்லை. அவ்வளவுதான். அந்தக் கட்டுரைகளில் 'இன்கன்சோலபிள்'-ஐ அடித்துவிட்டு, அவள் யார் யார் பேரைச் சொல்லி அழுதாள் என்று எழுதியிருக்கலாம்.