தனக்கே ‘வேண்டாம்’ சொல்லும் கேப்டன்

எல்பிடபிள்யூவுக்கு அம்பயர் விரலை உயர்த்தியதும் எதிர்முனையில் நிற்பவனைக்கூடப் பார்க்காமல் கையுறையைக் கழற்றியபடி நடையைக் கட்டிவிடுகிறார் நம் கேப்டன். இரண்டு ரிவ்யூவும் அப்படியே இருக்கின்றன. இந்தப் பருவத்தில் இது அவருடைய வழக்கமாகவே ஆகிவிட்டது. வர்ணனை அறையில் உடனே ஆரம்பித்துவிடுகிறார்கள். ஃபார்மோடு தன்னம்பிக்கையும் போய்விட்டது என்கிறார் ஒருவர். அணிக்காக ரிவ்யூவைத் தியாகம் செய்கிறார் என்று உருகுகிறார் இன்னொருவர். இரண்டும் தப்பு. திட்டுகிறவரைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கற்பூரம் காட்டுகிறவரைத்தான் தாங்க முடியவில்லை.

திட்டுகிறவர்களிடம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. 2017-லிருந்து ‘அம்பயர்ஸ் கால்’ என்று வந்தால் ரிவ்யூ கழிவதில்லை. பந்து ஸ்டம்பை ஓரமாக உரசியிருந்தால் அவர் அவுட்தான், ஆனால் ரிவ்யூ மிஞ்சும். அப்படியிருக்க, அணியின் முதல் மூன்று பேரில் ஒருவர் கேட்டுப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?

சந்தேகம் உள்ள இடத்தில் அந்தக் கணக்கு சரி. பின்காலில், மிடில் ஸ்டம்புக்கு நேரே, முழங்காலுக்குக் கீழே வாங்கியவருக்கு என்ன சந்தேகம்? மட்டையில் பட்டதா என்பதில் சத்தம் கீப்பருக்கும் அம்பயருக்கும் கேட்கலாம், அதிர்வு மட்டையைப் பிடித்த கைக்கு மட்டும்தான் தெரியும். (மெல்லிய உரசலை உணராத கைகளும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.) படவில்லை என்று தெரிந்தும் கையால் ‘டி’ காட்டி ரிவ்யூ கேட்கிற கேப்டன்கள் ஏராளம். ‘என் விக்கெட் முக்கியம்’ என்பது அவர்கள் வாதம். திரையில் மூன்று சிவப்பு வரும். அப்புறம் ஏழாவதாக இறங்குகிறவன் உண்மையிலேயே மட்டையில் பட்டு, அவுட் கொடுக்கப்பட்டு, கேட்க ரிவ்யூ இல்லாமல் பெவிலியனை முறைத்துக்கொண்டே வருவான். கல்யாணப் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிவிட்டு, கடைசிப் பந்திக்குப் பாயசம் இல்லையென்றால் சமையல்காரரை அதட்டும் பெரியப்பாவைப் பார்த்திருப்பீர்கள்.

பேட்டிங்கில் வீணடித்த ரிவ்யூ ஃபீல்டிங்கில் கழியாது, இன்னிங்ஸுக்கு இன்னிங்ஸ் கணக்கு தனி என்பதும் எனக்குத் தெரியும். ஸ்கோர்போர்டில் கழியாதுதான். பந்துவீச்சாளர்கள் மனசில் கழியும். இங்கேதான் எல்லோரும் நம் ஆளைத் தவறாகப் படிக்கிறார்கள்.

ஃபீல்டிங் அணிக்காக ரிவ்யூ கேட்கும் உரிமை கேப்டனுக்கு மட்டும்தான். அவகாசம் 15 நொடி. பந்துவீச்சாளர் மண்டியிடுவார், கத்துவார். வீசி முடித்து ஒரு பக்கமாய்ச் சாய்ந்து ஓடுகிறவருக்கு எல்லாப் பந்தும் ஸ்டம்பில் அடிப்பதாகத்தான் தோன்றும். எகிறலைக் கீப்பர் பார்த்திருப்பார். முன்கால் எவ்வளவு தூரம் வந்தது என்பது பாயின்ட்டில் நிற்பவருக்குத் தெரியும். நம் கேப்டன் ‘அவுட்டா?’ என்று யாரையும் கேட்பதில்லை, கவனித்துப் பாருங்கள். எங்கே பிட்ச் ஆனது, முன்காலா பின்காலா, அவ்வளவுதான் கேட்கிறார். அந்த 15 நொடியும் பெவிலியனுக்கு முதுகைக் காட்டியே நிற்கிறார். வெளியிலிருந்து சைகை வந்ததாகத் தோன்றினால் ரிவ்யூவையே அம்பயர் மறுக்கலாம் என்று விதி இருக்கிறது. இவர் விதிக்குப் பயந்து அப்படி நிற்பதாக எனக்குத் தோன்றவில்லை. முடிவு தன்னுடையது என்பதை மற்ற பத்துப் பேருக்கும் காட்டுகிறார்.

பிறகு, பெரும்பாலும், ‘வேண்டாம்’ என்று தலையாட்டுகிறார். அடுத்த பந்தைப் பாருங்கள். மற்ற அணிகளில் மறுக்கப்பட்ட வேகப்பந்து வீச்சாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு லெக் ஸ்டம்புக்கு வெளியே ஒரு அரைப் பிட்ச் பந்தைப் போட்டு நான்கு ரன் கொடுப்பார். நம் அணியின் மூத்த பந்துவீச்சாளர், லேசில் அடங்குகிற ஆளில்லை, பேசாமல் திரும்பி ரன்-அப் தொடங்கும் இடத்துக்குப் போகிறார். அதே லெங்த்தில் மறுபடி வீசுகிறார். ஏன்? தனக்குச் சொன்ன ‘வேண்டாம்’ அந்த மனிதர் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட ‘வேண்டாம்’தான் என்பதை அவர் பெவிலியனில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

இதைத் தியாகம் என்றால் எனக்குச் சிரிப்பு வருகிறது. நம்மவர் மகான் இல்லை. பந்து வெளிவருவதற்குள் எதிர்முனையாளன் கிரீஸை விட்டு நகர்ந்தால் ஸ்டம்பைத் தட்டச் சொல்லித் தன் பந்துவீச்சாளர்களைப் பழக்கியிருக்கிறார். 2022 அக்டோபரில் அந்த விதியை ‘நியாயமற்ற ஆட்டம்’ பகுதியிலிருந்து எடுத்து ‘ரன் அவுட்’ பகுதியில் வைத்துவிட்டார்கள். அவர் செய்வதுதான் சரி. ஓவர்களுக்கு நடுவே நேரத்தை இழுப்பதிலும் கெட்டிக்காரர். அணிக்குக் கிடைக்கக்கூடிய எதையும் விட்டுக்கொடுப்பதில்லை. தனக்கென்று ஒரு தனிச் சலுகை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். 2023 முதல் ஐபிஎல்லில் வைடு, நோ-பால் முடிவுகளையும் ரிவ்யூ கேட்கலாம். இந்த வசதி கடைசி மூன்று ஓவர்களின் ஆட்டத்தையே மாற்றும். பத்தாவது ஓவரிலேயே கையைக் காலி செய்துவிட்ட கேப்டன்கள், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே விழுந்த நல்ல யார்க்கருக்கு வைடு கொடுக்கப்படும்போது இடுப்பில் கைவைத்து நிற்பார்கள். நம்மவரிடம் ஒன்று மிச்சம் இருக்கும்.

ஆனால் ஒரு நாள் கால் வாரும். நாக்-அவுட் ஆட்டமாகவே இருக்கும் என்பது என் கணிப்பு. நம் அணியின் இளம் இடக்கைப் பந்துவீச்சாளன் கெஞ்சுவான், இவர் மறுப்பார், அடுத்த நிமிடமே பெரிய திரையில் மூன்று சிவப்பு. மறுநாள் காலை கேப்டனை மாற்று என்று கூச்சல் கிளம்பும். பையன் மட்டும் இவருக்கு எதிராக ஒரு வார்த்தை பேச மாட்டான். பந்தயம் கட்டுகிறேன்.

எப்படியும் இன்னும் இரண்டு பருவம்தான். ரன் குறைகிறது, பின்காலில் மாட்டுவது அதிகமாகிறது, இது வயசு. பொறுப்பு துணைக் கேப்டனுக்குப் போகும். அழகான ஆட்டக்காரர், தன் எல்பிடபிள்யூ ஒவ்வொன்றையும் ரிவ்யூ கேட்கிறவர். அவருடைய முதல் மாதத்தில் ஸ்கோரைப் பார்க்காதீர்கள். பந்துவீச்சாளர்களைப் பாருங்கள், கேப்டனின் ‘வேண்டாம்’ காதில் ஏறாமல், அவர் ‘டி’ காட்டும்வரை விடமாட்டார்கள். பவர்பிளே முடிவதற்குள் இரண்டு ரிவ்யூவும் தீர்ந்திருக்கும்.