பீடிக்கட்டின் மேல் யார் முகம்?

1916இல் லண்டன் கரேராஸ் கம்பெனி சிகரெட்டோடு 50 படஅட்டைகள் கொடுத்தது. ஆண்கள் போர்முனைக்குப் போனபின் அவர்கள் வேலைகளைச் செய்த பெண்கள்தான் படங்களில். சேர்த்தவர்கள் ஆல்பத்தில் ஒட்டி ரசித்தார்கள். அந்தப் பெண்களுக்கு அப்போது நாடாளுமன்ற வாக்குரிமை கிடையாது. 1918இல் வந்ததும் முப்பது வயது தாண்டியவர்களுக்கு, அதுவும் சொத்துத் தகுதியோடு.

நம் பக்கம் அட்டையின் வேலையை லேபிளே செய்தது. தன் படம் போட்ட ‘மகாத்மா காந்தி சிகரெட்’ லேபிளைப் பார்த்துவிட்டு, 1921இல் ‘யங் இந்தியா’வில் காந்தி கடுமையாக எழுதினார். தன் பெயர் பட்ட அவமானங்களிலேயே இது மோசம் என்பது அவர் எண்ணம். இன்று, 1950ஆம் ஆண்டுச் சின்னங்கள், பெயர்கள் சட்டத்தின் பட்டியலில் அவர் பெயரும் படமும் இருக்கின்றன. வணிகத்துக்கு எடுத்தாளக் கூடாது. ஓர் ஆணின் முகத்துக்குச் சட்டமே காவல் நிற்கிறது. நிற்கட்டும், நியாயம்தான்.

ஆனால் பீடி லேபிளைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலாளியின் தலைப்பாகை, மீசை, அச்சின் நிறம் என்றே பேசுகிறார்கள். சுற்றிய கை பேச்சில் வருவதேயில்லை. வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டுகிறவள் பெண். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சரியில்லை என்று கழித்ததற்குக் காசில்லை. அவள் கொடுக்கும்போது கட்டில் லேபிள் இருப்பதில்லை; அது கம்பெனியில் ஒட்டப்படுவது.

2016 ஏப்ரலிலிருந்து பெட்டியின் 85 சதவீதத்தை எச்சரிக்கைப் படம் பிடித்துக்கொண்டது. அதுவும் அரசியல் படம்தான். ஓசூர் பேருந்து நிலையக் கடையில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது: புண்ணான வாயும் தொண்டையும் புகைப்பவருடையவை. நாளெல்லாம் புகையிலைத் தூளை மூச்சில் வாங்குகிறவளின் நெஞ்சுக்கு அங்கே இடமில்லை.

புகையிலை உலகில் அவள் முகம் அச்சாகும் அட்டை ஒன்றே ஒன்று: பீடித் தொழிலாளர் அடையாள அட்டை. 1976ஆம் ஆண்டு நலநிதிச் சட்டம் கொடுத்தது. மருத்துவம், பிள்ளைகளின் படிப்பு உதவித்தொகைக்கு அதைத்தான் நீட்ட வேண்டும். அந்த நிதிக்கு வந்துகொண்டிருந்த பீடித் தீர்வை 2017இல் ஜிஎஸ்டியோடு நீக்கப்பட்டது. கிருஷ்ணகிரியில் என் வகுப்பு மாணவி ஒருத்தி உதவித்தொகை விண்ணப்பத்துக்காக அம்மாவின் அட்டையை நகலெடுத்து வந்தாள். நகலில் முகம் கறுப்பாக விழுந்திருந்தது. எண் மட்டும் தெளிவு.