மிதக்கும் நகரமும் நிற்கும் நகரமும்

ஆற்காட்டுச் சீமையில் பிறந்தவனுக்குக் கப்பலைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கலாம். கேட்பது நியாயந்தான். எங்களுக்கு வாய்த்தது பாலாறு ஒன்று. அதிலும் வருஷத்தில் பெரும்பகுதி மணலைத்தான் பார்க்கலாம். ஆனால் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் பதனிட்ட தோல், தலைமுறை தலைமுறையாகச் சென்னைத் துறைமுகம் வழியாகவே சீமைக்குப் போயிற்று. என் தகப்பனார் ஆம்பூரில் ஒரு தோல் மண்டியில் கணக்கு எழுதினவர். கடலை அதிகம் பார்க்காதவர். ஆனால் கப்பல் வருகிற தேதி அவருக்கு மனப்பாடம். "கப்பல் வந்துட்டா ஆச்சா? ஏத்தி இறக்க இடம் வேணுமில்லே?" என்பார். அந்தக் கேள்வியின் ஆழம் அப்போது எனக்குத் தெரியவில்லை.

சமீபத்தில் ஜூல்ஸ் வெர்னின் நாவல் ஒன்றை மறுபடி படித்தபோது அந்தக் கேள்வி ஞாபகம் வந்தது. 1871-ல் புத்தகமாக வந்த அந்த நாவலின் பெயரைத் தமிழில் 'மிதக்கும் நகரம்' என்று சொல்லலாம். வெர்ன் என்றதும் நம் வாசகர்களுக்குக் கடலுக்கடியில் போகிற கப்பலும் எண்பது நாளில் உலகைச் சுற்றுவதும்தான் நினைவுக்கு வரும். இந்த நாவலை அதிகம் பேர் படிப்பதில்லை. 1867-ல் தம் சகோதரரோடு லிவர்பூலிலிருந்து நியூயார்க்குக்கு 'கிரேட் ஈஸ்டர்ன்' என்ற கப்பலில் வெர்ன் செய்த பிரயாணந்தான் இதற்கு மூலம். ஆகவே கப்பல் நிஜம், கதைதான் கற்பனை.

நாவலாகப் பார்த்தால் இதற்கு அதிக மார்க்குப் போட முடியாது. இந்தியாவில் உத்தியோகம் பார்த்த ஃபேபியன் என்ற ராணுவ அதிகாரி, அவன் காதலித்து இழந்த எல்லென், அவளுடைய பொல்லாத கணவன் டிரேக் ஆகிய மூவரும் ஒரே கப்பலில் வந்து சேருகிறார்கள். கத்திச் சண்டையின் நடுவில் டிரேக்கின் மேல் இடி விழுகிறது, சிக்கல் தீர்ந்துவிடுகிறது! ஆசிரியரால் அவிழ்க்க முடியாத முடிச்சை ஆகாயம் அவிழ்த்து வைக்கிறது. நம் தொடர்கதை ஆசிரியர்கள் இதே காரியத்தைச் செய்தால் நாம் சும்மா விடுவோமா?

ஆனால் கப்பலை வர்ணிக்கும் இடங்களில் வெர்ன் வேறு மனிதராகிவிடுகிறார். மேல்தளம் கடைவீதி போலத் தெரிகிறது. ஜனங்கள் உலாவுகிறார்கள், பந்தயம் கட்டுகிறார்கள், வம்பு பேசுகிறார்கள். பிட்ஃபெர்ஜ் என்று ஒரு விசித்திர டாக்டர், இந்தக் கப்பலுக்கு என்றைக்காவது ஆபத்து வரும் என்று காத்திருக்கிறார். அவர் எதிர்பார்த்தபடி கப்பல் மூழ்கவில்லை. நிஜ வாழ்க்கையிலும் அதைக் கடல் அழிக்கவில்லை. கரைதான் அதைக் கைவிட்டது. வெர்ன் எழுதாமல் விட்ட கதை இதுதான்.

புரூனல் என்ற மேதை, சுமார் 211 மீட்டர் நீளத்தில், 4,000 பேர் போகும்படியாக அதைக் கட்டினார். வழியில் எங்கும் நிலக்கரி ஏற்றாமல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு கீழ்த்திசைக்குப் போய்வர வேண்டும் என்பது திட்டம். 1858-ல் கப்பல் தண்ணீரில் இறங்கிற்று. ஆனால் அந்தத் திசையில் அதை வரவேற்கத் துறைமுகம் எங்கே இருந்தது? அன்றைய சென்னையில் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் அலைக்கு அப்பால் நங்கூரம் போட, மசூலாப் படகில் நனைந்துகொண்டேதான் ஜனங்கள் கரையேறினார்கள். 1876 வாக்கில் தொடங்கிய துறைமுகச் சுவர்களை, முடிகிற தறுவாயில், 1881 நவம்பர்ப் புயல் நாசமாக்கிற்று.

1860-ல் நியூயார்க்குக்குப் போன முதல் பிரயாணத்தில் கட்டணம் கொடுத்தவர்கள் 35 பேர். 1869-ல் திறந்த சூயஸ் கால்வாய்க்குள் அதனால் நுழைய முடியவில்லை. 1870-ல் ஒரே ஒரு தடவை பம்பாய்க்கு வந்தது; ஏடனுக்குத் தந்திக் கம்பி போடுவதற்காக! கடைசியில் லிவர்பூலில் ஒரு ஜவுளிக்கடைக்கு விளம்பரப் பலகையாக நின்றுவிட்டு, 1889-ல் உடைபடத் தொடங்கியது.

இது பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2022 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'எம்பிரஸ்' என்ற உல்லாசக் கப்பலின் நீளமும் அதே 211 மீட்டர்தான். அன்று உலகத்துக்கே அதிசயம். இன்று உல்லாசக் கப்பல்களில் இது சின்னக் கப்பல். 2024-ல் மயாமியிலிருந்து கிளம்பிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' 365 மீட்டர். பிரயாணிகளும் சிப்பந்திகளுமாகச் சுமார் 10,000 பேர் அதில் போகலாம்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், மனைவியோடு சென்னையிலிருந்து கப்பல் பிரயாணம் போய்வந்தார். ஒரு சாயங்காலம் என்னை உட்காரவைத்து நூறு படங்களாவது காட்டியிருப்பார். நீச்சல் குளம், நாடக மேடை, சாப்பாட்டு மேஜை, மேல்தளத்தில் அம்மாளின் சிரித்த முகம், எல்லாம் இருந்தன. துறைமுகம் ஒரு படத்தில்கூட இல்லை. "துறைமுகத்திலே பார்க்க என்ன சார் இருக்கு?" என்றார். வெர்னும் அதைத்தான் நினைத்தார் போலிருக்கிறது. பெரிய படகுக்காரனின் கண்ணும் பெரிய நாவலாசிரியனின் கண்ணும் கப்பலோடு நின்றுவிடுகின்றன.

துறைமுகம் தயாரா என்று கேட்டால், ஆழம் போதுமா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். உல்லாசக் கப்பலுக்கு அது பெரிய கஷ்டமல்ல. அந்த 365 மீட்டர்க் கப்பலுக்குக்கூடச் சுமார் 9 மீட்டர் ஆழம் மூழ்கினால் போதும். பெரிய சரக்குக் கப்பல்கள் அதைவிட அதிகம் கேட்கும். கஷ்டம் வேறு. பத்து இருபது மாடி உயரமுள்ள சுவர் போல நிற்பதைக் காற்று தள்ளும். அதைத் திருப்ப விசாலம் வேண்டும். கட்டி நிறுத்த நீண்ட துறைமேடை வேண்டும். இதெல்லாம் பணத்தால் ஆகக்கூடியது. அதற்கு அப்புறந்தான் உண்மையான கேள்வி. ஒரே காலையில் இறங்குகிற ஐயாயிரம் பேரின் பாஸ்போர்ட்டை யார் பார்ப்பது? ராஜாஜி சாலையில் நூறு பஸ் எங்கே நிற்பது? கப்பல் கேட்கும் நல்ல தண்ணீரை எந்தத் தெருவின் குழாயிலிருந்து எடுப்பது? அது இறக்கும் குப்பையை எந்த ஊரில் கொட்டுவது?

வெனிஸ் நகரம் இதற்குப் பதில் சொல்லிப் பார்த்தது. 2019 ஜூனில் ஒரு பெரிய கப்பல் கட்டுக்கடங்காமல் போய்க் கரையில் மோதிற்று. 2021 ஆகஸ்டிலிருந்து, 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் நகரத்தை ஒட்டிய கால்வாயில் வரக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள். நம் 'எம்பிரஸ்' ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதற்கே அங்கே இடமில்லை.

இதைப் பாலாற்றங்கரையில் உட்கார்ந்து ஏன் எழுதுகிறேன் என்றால், எங்களுக்கு இந்தப் பாடம் பழக்கமானது. தோல் தொழில் எங்களுக்குச் சோறு போட்டது. நான் படித்ததே அந்தக் காசில்தான். அந்தத் தொழிலைப் பழிக்க எனக்கு நாக்கு வராது. ஆனால் தொழில் வளர வளர, எத்தனை தோல், எத்தனை டாலர் என்று கணக்குப் பார்த்தவர்கள், கழிவுநீரை வாங்கிக்கொள்கிற ஆறு எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் பார்க்கவில்லை. 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பில் அந்தக் கணக்கு வந்தது: ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ கெட்டுப்போயிற்று என்று. எங்கள் வீட்டுக் கிணற்றில் என் தாயார் கடைசியாகக் குடிதண்ணீர் சேந்தியது அதற்குப் பல வருஷம் முன்னால். வருகிறதன் பெருமையை அளக்கிறோம். வாங்கிக்கொள்கிறதன் கொள்ளளவை அளப்பதில்லை. ஆறானாலும் துறைமுகமானாலும் குற்றம் ஒன்றேதான்.

பெரிய கப்பல் வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. விருந்தாளி வரட்டும். திண்ணையின் அளவைப் பார்த்து அழைப்போம் என்கிறேன். 2023-ல் அதே கப்பல் காங்கேசன்துறைக்குப் போயிற்று. அது போன்ற சிறு ஊர்களுக்குப் பத்தாயிரம் பேர் கப்பல் ஒன்றைக் காட்டிலும், ஆயிரம் பேர் கப்பல் பத்துத் தடவை வருவது நல்லது. கடைக்காரனுக்கும் நல்லது, கிணற்றுக்கும் நல்லது.

வெர்ன் தம் கப்பலை நகரம் என்றார். அழகான உவமைதான். ஆனால் நகரம் என்று சொன்னால் அதன் சாக்கடை எங்கே போகிறது என்றும் சொல்ல வேண்டும். மிதக்கும் நகரத்தைப் பற்றி ஒரு நாவல் நமக்கு இருக்கிறது. அது வந்து நிற்கிற கரையில் கயிற்றைப் பிடித்துக் கட்டுகிறவனையும், அவன் வீட்டுக் குழாயில் அன்றைக்குத் தண்ணீர் வந்ததா என்பதையும் எழுதுகிற நாவல் இனிமேல்தான் வரவேண்டும். அதைத் தமிழில் ஒருவர் எழுதினால், என் தகப்பனார் கேட்ட கேள்விக்கு அதில் பதில் இருக்கும்.