மிச்சம் வைத்த பிழை: வேகமான ப்ரைம் லென்ஸ்களில் கூர்மையும் குணமும்

2013 அக்டோபரில், இரண்டு வாரத்துக்குள் மூன்று கருவிகள் அடுத்தடுத்து அறிவிக்கப்பட்டன. ஸைஸ் நிறுவனத்தின் ஓட்டஸ் 55 மி.மீ. எஃப்/1.4 லென்ஸ், சோனியின் ஏ7 கேமரா, நிக்கானின் 58 மி.மீ. எஃப்/1.4ஜி லென்ஸ். ஓட்டஸில் 12 கண்ணாடிகள் பத்துத் தொகுதிகளாக அடுக்கப்பட்டிருந்தன. எடை ஏறத்தாழ ஒரு கிலோ, அமெரிக்க விலை 4,000 டாலர், ஆட்டோஃபோகஸ் கிடையாது. துளையை முழுக்கத் திறந்து எடுத்தாலும் படத்தின் ஓரம்வரை பிழை தெரியக்கூடாது என்பதற்காகவே உருவான லென்ஸ் அது. நிக்கானின் 58 மி.மீ. லென்ஸில் 9 கண்ணாடிகள்தாம். எடை 385 கிராம், விலை 1,700 டாலர். சோதனை அட்டையை எதிரே வைத்து அளந்தவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம். அதைவிட மிக மலிவான 50 மி.மீ. லென்ஸ்கள் அந்த அளவீட்டில் அதன் தோளைத் தொட்டன. ஆனால் நிக்கான் அந்தப் பிழைகளைத் தெரிந்தே விட்டுவைத்திருந்தது.

கூர்மையா, குணமா என்று ஒளிப்படக்காரர்கள் ஓயாமல் வாதிடும் விஷயத்துக்கு இந்த ஒரு மாதமே போதுமான முன்னுரை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குணம் என்பது லென்ஸில் குடியிருக்கும் மாயம் ஒன்றும் இல்லை. வடிவமைப்பாளர் எந்தப் பிழையைத் திருத்தினார், எதை எவ்வளவு மிச்சம் வைத்தார் என்பதன் விளைவு அது. எந்தப் பிழைக்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்குபவருக்கு அது வரம். தெரியாமல் வாங்குபவருக்கு வெறும் மங்கல் படம்.

ப்ரைம் லென்ஸ் என்றால் ஜூம் செய்ய முடியாத, ஒரே குவியத் தூரம் கொண்ட லென்ஸ். அதில் எஃப்/2, எஃப்/1.4, எஃப்/1.2 என்று பெரிய துளை உடையவற்றை வேகமான லென்ஸ்கள் என்கிறோம். எஃப்/1.4 துளை எஃப்/2-ஐப் போல இரு மடங்கு ஒளியை உள்ளே விடும். துளை பெரிதாகப் பெரிதாகக் கண்ணாடியின் விளிம்பு வழியாக வரும் கதிர்கள் கூடும். சிக்கல் தொடங்குவது அங்கேதான். கோள வடிவில் தேய்த்த கண்ணாடியில் விளிம்புக் கதிரும் நடுக்கதிரும் ஒரே புள்ளியில் சேர்வதில்லை. இதற்குக் கோளப் பிறழ்ச்சி என்று பெயர். இதோடு நிறப்பிறழ்ச்சி, ஓரத்துப் புள்ளிகளைச் சிறகாக இழுக்கும் கோமா, குவியத் தளத்தையே வளைக்கும் புலவளைவு என்று இன்னும் பல உண்டு. வடிவமைப்பாளர் கையில் இருப்பது குட்டைப் போர்வை: தலையை மூடினால் கால் வெளியே தெரியும்.

குணம் என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பங்கு இந்தக் கோளப் பிறழ்ச்சியிலிருந்தே வருகிறது. அதனால் இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். பிறழ்ச்சியைக் குறைவாகத் திருத்திய லென்ஸில், பின்னணியில் குவியம் தவறிய ஒளிப்புள்ளிகள் நடுவில் பிரகாசமாகவும் ஓரத்தில் கரைந்தும் தெரியும். அப்படிப்பட்ட வட்டங்கள் ஒன்றோடொன்று கலக்கும்போது பின்னணி பாலாடைபோல் வழுக்கும். ஆனால் அதே லென்ஸில் முன்னணியில் இருப்பவை முரட்டு விளிம்போடு உறுத்தும். அளவுக்கு மீறித் திருத்திய லென்ஸில் எல்லாம் தலைகீழ்: பின்னணி விளக்குகள் ஓரம் மட்டும் ஒளிரும் வளையங்களாகும், இலைகளும் கிளைகளும் இரட்டைக் கோடாகும். கல்யாண மண்டபத்தின் சீரியல் பல்புகள் ஒரு லென்ஸில் பூவாகவும் இன்னொன்றில் வளையலாகவும் விழுவதற்குக் காரணம் இதுதான். துளையை எஃப்/4-க்குச் சுருக்கினால் விளிம்புக் கதிர்கள் வெட்டுப்படும். பிறழ்ச்சி விரைவாக மறையும். பழைய லென்ஸும் கூர்மையாகிவிடும். ஆக, குணம் வாழ்வது திறந்த துளையின் இரண்டு மூன்று ஸ்டாப்புகளுக்குள் மட்டுமே.

பிழையோடு உறவாடும் இந்தக் கதை ஒளிப்படக் கலையின் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டது. 1839-இல் டாகேரின் ஒளிப்பட முறை வெளியானபோது கிடைத்த லென்ஸ்கள் எஃப்/16-ஐ ஒட்டிய சிறு துளை கொண்டவை. முகம் எடுக்க வெயிலில் நிமிடக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும். வியன்னாப் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் யோசெஃப் பெட்ஸ்வால், கணக்கில் தேர்ந்த ஆஸ்திரியப் பீரங்கிப்படை வீரர்களின் துணையோடு கணித்து, 1840-இல் எஃப்/3.6 அளவிலான லென்ஸைத் தந்தார். ஃபாய்க்ட்லெண்டர் நிறுவனம் அதைச் செய்து விற்றது. முன்னதைவிட ஏறத்தாழ 20 மடங்கு ஒளி. நடுப்பகுதி அழகான கூர்மை, ஓரம் சுழன்று கரையும். பெட்ஸ்வாலுக்கு இது குறை என்று நன்றாகவே தெரியும். புலவளைவைப் பற்றிய அடிப்படை விதி இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. முகம் நடுவில்தானே இருக்கும் என்பதால், வேகத்துக்காக ஓரத்தை விட்டுக்கொடுத்தார். லென்ஸ் வடிவமைப்பில் இதைவிடத் தெளிவான முடிவை நான் கண்டதில்லை.

அந்த மென்மையை வேண்டுமென்றே கையாண்டவர் ஜூலியா மார்கரெட் கேமரன். கல்கத்தாவில் பிறந்து, இங்கிலாந்தில் முகங்களை எடுத்துப் புகழ்பெற்று, 1879-இல் இலங்கையின் மலையகத்தில் இறந்தவர். குவியம் திருத்தமாக விழும் இடத்தைத் தேடிக்கொண்டிராமல், கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார். அன்றைய ஒளிப்படச் சங்கத்தார் இதைத் தொழில் தெரியாமை என்றார்கள். சோதனை அட்டைக்காரர்களுக்கும் மற்றவர்களுக்குமான வழக்கு அப்போதே பதிவாகிவிட்டது.

இருபதாம் நூற்றாண்டில் வேகத்தைக் கூட்டியவர்களில் முதன்மையானவர் லுட்விக் பெர்ட்டெலே. இருபதுகளின் தொடக்க வயதிலேயே டிரெஸ்டன் நகர எர்னெமான் நிறுவனத்துக்காக எஃப்/2 எர்னோஸ்டாரை வடிவமைத்தார். அதைத் தாங்கிய எர்மனாக்ஸ் கேமராவைக் கொண்டுதான் எரிக் சாலமன் நீதிமன்றங்களிலும் அரசியல் மாநாடுகளிலும் ஃபிளாஷ் இல்லாமல் படமெடுத்தார். பெர்ட்டெலே அடுத்து ஸைஸுக்குத் தந்த சோனார் எஃப்/1.5-இன் வடிவம், அன்றைய ஒரு குறையால் பிறந்தது. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 முதல் 5 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பும். திரும்பிய ஒளி உள்ளேயே அலைந்து படத்தை வெளுப்பாக்கும். அதனால் ஏழு கண்ணாடிகளை மூன்று தொகுதிகளாக ஒட்டி, காற்றைத் தொடும் பரப்புகளை ஆறாகக் குறைத்தார். கான்ட்ராஸ்ட் காப்பாற்றப்பட்டது, கோளப் பிறழ்ச்சி கொஞ்சம் மிஞ்சியது. அந்த மிச்சமே சோனார் முகப்படங்களின் மெல்லிய ஒளிர்வு. 1935-இல் ஸைஸின் அலெக்சாண்டர் ஸ்மாக்குலா பிரதிபலிப்பைத் தடுக்கும் பூச்சைக் கண்டுபிடித்தார். அது பரவலானதும் பரப்புகளைக் கூட்டுவதற்கான அச்சம் போயிற்று. பிழைகளைத் தனித்தனியே திருத்த இடம்தரும் இரட்டை காஸ் வடிவம் மேலெழுந்தது.

அந்த வடிவத்தின் ஒரு கிளைதான் ஸைஸின் பயோட்டார் 58 மி.மீ. எஃப்/2. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் தொழிற்சாலைகள் அதைத் தழுவி ஹீலியோஸ் 44 வரிசையைச் செய்து, ஸெனிட் கேமராக்களோடு பெரும் எண்ணிக்கையில் விற்றன. இலைகளுக்கு முன் ஓர் ஆளை இரண்டு மீட்டர் அளவில் நிறுத்தி எஃப்/2-இல் எடுத்தால், பின்னணி அவரைச் சுற்றிச் சுழலும். ஓரத்தில் ஒளிக்கற்றை பாதி வெட்டுப்பட்டுப் பூனைக்கண் வடிவாவதும், திருத்தப்படாத பிழைகளும் சேர்ந்து செய்யும் வேலை அது. வெறுஞ்சுவருக்கு முன் நிறுத்தினால் சுழல் எதுவும் தெரியாது. இதைச் சொல்லாமல் ஹீலியோஸைப் புகழ்பவர்கள் வாங்குபவரை ஏமாற்றுகிறார்கள்.

மிக வேகமான லென்ஸ்களில் இரண்டை மட்டும் குறிப்பிடுகிறேன். ஸைஸ் நாஸாவுக்காகச் செய்த 50 மி.மீ. எஃப்/0.7 பிளானார் மொத்தம் பத்து. அவற்றில் மூன்றை வாங்கிய ஸ்டான்லி குப்ரிக், 1975-இல் வெளியான ‘பேரி லிண்டன்’ படத்தின் உட்புறக் காட்சிகள் சிலவற்றை மெழுகுவத்தி வெளிச்சத்தில் எடுத்தார். இன்றைய அளவுகோலில் அந்தக் காட்சிகள் கூர்மையானவை அல்ல. அந்த மென்மை இல்லாத மெழுகுவத்தி வெளிச்சத்தை இன்று கற்பனை செய்வதே கடினம். இன்னொன்று லைக்காவின் 1966 நாக்டிலக்ஸ் எஃப்/1.2: கையால் தேய்த்த கோளமல்லாப் பரப்புகளைக் கொண்டது, செய்வதற்குக் கடினமானது. 1976-இல் வால்டர் மாண்ட்லரின் எஃப்/1.0 அதன் இடத்தைப் பிடித்தது. 2021-இல் லைக்கா அந்த 1966 லென்ஸை அதே குணத்தோடு மறுபடி வெளியிட்டது. 1935-ஆம் ஆண்டின் தாம்பார் 90 மி.மீ. லென்ஸையும் 2017-இல் கொண்டுவந்தது. தாம்பாருடன் நடுவில் கறுப்புப் புள்ளி உள்ள ஒரு ஃபில்டர் வரும். அது கூர்மையான நடுக்கதிர்களைத் தடுத்து, மென்மையான விளிம்புக் கதிர்களை மட்டும் விடும்.

பழைய லென்ஸ்களுக்கு இத்தனை மவுசு எப்படி வந்தது? 2013-இல் வந்த அந்த சோனி ஏ7 கேமராதான் பதில். பழைய எம்42 திருகு லென்ஸ்களுக்குக் கேமரா முகப்புக்கும் ஃபிலிமுக்கும் இடையே 45.46 மி.மீ. தூரம் வேண்டும். உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத (மிரர்லெஸ்) ஏ7-இல் அந்தத் தூரம் 18 மி.மீ. மட்டுமே. மிச்ச இடத்தை ஓர் உலோக வளையம் நிரப்பிவிடும். பழையவற்றில் ஏறக்குறைய எல்லாமே புதிய முழுச்சட்டக சென்சாரில் பொருந்தின. மறந்துபோன பிழைகளெல்லாம் மறுபடி விலைபோயின.

மறுபுறம் கூர்மையும் மலிந்தது. சிக்மாவின் ஆர்ட் வரிசை 2012-இல் 35 மி.மீ. எஃப்/1.4 லென்ஸோடு தொடங்கி, அதுவரை பெரும்பணம் கேட்ட திருத்தத்தைப் பலரின் கைக்கு எட்டவைத்தது. எடை ஏறியது, அதை நாம் தோளில் சுமக்கிறோம். அச்சில் வார்த்த கோளமல்லாக் கண்ணாடிகள் சிலவற்றில், ஒளிவட்டங்களுக்குள் வெங்காயம் நறுக்கியதுபோல் வளைய வரிகள் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திருத்தமும் தன் தடத்தை விட்டுச்செல்கிறது.

இனி அந்த 58 மி.மீ. லென்ஸுக்கு நீதி செய்ய வேண்டும். ஹருவோ சாட்டோவின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் லென்ஸ் அது. அருகில் எடுக்கும்போது குவியத்திலிருந்து பின்னணிக்கு மெல்ல மெல்ல நழுவும். தொலைவில், இரவு நகரத்தின் விளக்குகள் ஓரத்திலும் சிறகு விரிக்காமல் புள்ளியாக நிற்கும்படி கோமா அடக்கப்பட்டிருக்கிறது. சோதனை அட்டையோ தட்டையானது, சில மீட்டர் தூரத்தில் நிற்பது. லென்ஸ் மென்மையாக இருக்கும்படி அமைத்த தூரத்தில், தட்டையான பொருளை வைத்து அளந்துவிட்டுக் குறை என்றார்கள். கூர்மையைக் காட்ட நிறுவனங்கள் வெளியிடும் எம்டிஎஃப் வரைபடமும் குவியத் தளத்தைப் பற்றி மட்டுமே பேசும். முகப்படத்தில் பெரும்பரப்பு அந்தத் தளத்துக்கு வெளியே இருக்கிறது. அளவீடு பொய் சொல்லவில்லை. நம் கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை, அவ்வளவே.

குணத்தின் பெயரால் விற்கப்படும் எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. ஊதா விளிம்பு கட்டும் நிறப்பிறழ்ச்சியை யாரும் அழகு என்று சொல்லி நான் ஒப்புக்கொண்டதில்லை. கண்ணாடிகள் கோணலாகச் சேர்ந்து ஒரு பக்கம் மட்டும் மங்கும் லென்ஸ் பழுதானது, அதற்குக் குணம் என்று பெயரிடக்கூடாது. சோனார் வகையில் துளையைச் சுருக்கும்போது குவியமே இடம்மாறும். மிரர்லெஸ் கேமராவில் எடுக்கும் துளையிலேயே குவியப்படுத்தினால் இதைச் சமாளிக்கலாம், ரேஞ்ச்ஃபைண்டரில் பெரும்பாடு.

நம் ஊரில் பழைய லென்ஸ் வாங்குபவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஈரக்காற்றில் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். முற்றினால் பூச்சையே அரிக்கும். கைவிளக்கைப் பின்னாலிருந்து அடித்துப் பார்த்தால் சிலந்திவலைபோல் தெரிந்துவிடும். சூப்பர் டாக்குமார் 50 மி.மீ. எஃப்/1.4 போன்றவற்றில் தோரியம் கலந்த கண்ணாடி காலப்போக்கில் மஞ்சளாகும். அது பூஞ்சை இல்லை, புற ஊதா ஒளியில் வைத்தால் பெரும்பாலும் தெளியும்.

தேர்வைப் பற்றி என் தீர்ப்பு இது. கல்யாணம், விளம்பரம், செய்தி என்று பிறர் பணத்துக்கு எடுப்பவர் நன்றாகத் திருத்தப்பட்ட லென்ஸையே வாங்கட்டும். மறுமுறை எடுக்க முடியாத கணத்தில் கூர்மைதான் காப்பாற்றும். ஓட்டஸ் அளவுக்குப் போக வேண்டியதில்லை, இன்றைய 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ்களே போதும். தன் மனத்துக்காக முகங்களை எடுப்பவர் அதனோடு குணமுள்ள ஒன்றையும் சேர்த்துக்கொள்ளட்டும். வாங்கும் முன் அதை ஒருநாள் இரவல் வாங்குங்கள். நீங்கள் வழக்கமாக நிற்கும் தூரத்தில், ஒரு முகத்தை, பின்னால் விளக்கும் இலையும் இருக்கும்படி, முழுத்துளையிலும் எஃப்/2.8-இலும் எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால், அந்த லென்ஸ் உங்களுக்கு வேண்டாம்.