நாற்பது நிமிஷக் கூத்து

வாரக் கடைசியானால் பேப்பரில் ஒரு கட்டம் வரும். நகரத்தில் இந்த வாரம் எங்கே கச்சேரி, எங்கே நாடகம், எங்கே சொற்பொழிவு, எங்கே பயிலரங்கு என்று ஒரு பட்டியல். தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், மாடம்பாக்கம் வாசிகள் அதைப் படிப்பது, சர்க்கரை வியாதிக்காரர் ஸ்வீட் ஸ்டால் போர்டைப் படிப்பது மாதிரி. எல்லாம் இருக்கிறது, நமக்கு இல்லை.

எங்கே இருக்கிறது? மயிலாப்பூரில், ஆழ்வார்பேட்டையில். கொஞ்சம் தெற்கே வந்தால் திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில். இன்னும் இறங்கினால் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம், அதையும் தாண்டினால் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. 1931லேயே பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் விட்டார்கள். 1937ல் கிறிஸ்தவக் கல்லூரி பாரிமுனையிலிருந்து மூட்டை முடிச்சோடு தாம்பரம் வந்து சேர்ந்தது. 2021ல் தாம்பரம் மாநகராட்சியே ஆகிவிட்டது. கலை மட்டும் கிண்டியைத் தாண்ட யோசிக்கிறது. தாண்டினாலும் கடற்கரை ஓரமாகவே போய்விடுகிறது. நங்கநல்லூர், குரோம்பேட்டைப் பக்கம் பல்லைக் கடித்துக்கொண்டு சபா நடத்துகிற சில புண்ணியவான்கள் விதிவிலக்கு.

இந்தப் புலம்பல் உங்களுக்குப் புதிதில்லை. நான் இன்றைக்குச் சொல்ல வந்தது வேறு. அந்தப் பட்டியலில் இருக்கிற சரக்கு நம் வாசலுக்கே வந்தாலும், வருவது முழுச் சரக்குதானா?

ஒரு மாதிரி அறிவிப்பு சொல்கிறேன். காலை பத்து முதல் பன்னிரண்டு வரை பறை பயிலரங்கு. மூன்று மணிக்கு நாட்டார் கலைகள் பற்றி ஓர் உரை. ஐந்தரைக்குத் தெருக்கூத்து, கால அளவு நாற்பது நிமிடம். எந்த அரங்கம் என்று தேடாதீர்கள். ஐ.டி. கம்பெனி ஆண்டு விழாவிலிருந்து அபார்ட்மெண்ட் பொங்கல் விழா வரை, நாட்டார் கலை என்று போட்டால் இந்த அச்சில்தான் வார்க்கிறார்கள். 

எனக்குத் தொண்டையில் சிக்குவது அந்த நாற்பது நிமிடம்.

கூத்து எவ்வளவு நேரம் நடக்கும்? ராத்திரி பத்து மணி வாக்கில் மிருதங்கமும் ஹார்மோனியமும் முகவீணையும் சேர்ந்து களரி கட்டினால், முடியும்போது கிழக்கு வெளுத்திருக்கும். முதலில் கட்டியங்காரன் வருவான். ஊர்க்கதை பேசுவான், உங்களைக் கிண்டல் செய்வான், நடுவில் கதைக்கும் அடி போடுவான். பிறகு இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். அதற்குப் பின்னால் நின்று ராஜா தன் பெருமையைப் பாடுவார். நமக்குக் கால் சலங்கை மட்டும் தெரியும், அப்புறம் கிரீடத்தின் உச்சி தெரியும். துரியோதனன் முழுசாக வெளியே வருவதற்குள் ஒரு குழந்தை பயந்து, அழுது, தூங்கியும் போயிருக்கும்.

திரௌபதி வஸ்திராபகரணம் என்றால் துச்சாதனன் சேலையில் கை வைக்கிற கட்டம் விடியற்காலையை நெருங்கித்தான் வரும். பல ஊர்களில் அந்த இடத்தில் ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றுவார்கள். துச்சாதனன் வேஷம் கட்டியவரே திரௌபதியை அம்மனாக நினைத்துக் கும்பிடுவார். அதற்கு மேல்தான் சேலையைத் தொடுவார். தூங்கிக்கொண்டிருந்த ஊர் எழுந்து உட்கார்ந்திருக்கும். பார்க்கிறவருக்கும் ஆடுகிறவருக்கும் அஞ்சாறு மணி நேரக் களைப்பு இருப்பதால்தான் அந்தக் கற்பூரத்துக்கு அவ்வளவு வெளிச்சம்.

நாற்பது நிமிடத்தில் என்ன செய்ய முடியும்? வந்தார்கள், ஆடினார்கள், சேலையை இழுத்தார்கள், கைதட்டல், பொன்னாடை, குரூப் போட்டோ. கிறுகிறுவென்று சுற்றுகிற கிறுக்கியைப் பார்த்து எல்லோரும் செல்போனில் படம் எடுப்பார்கள். கட்டியங்காரனுக்கு வாய் திறக்க நேரமிருக்காது. கூத்தில் நிஜமாகவே நம்மோடு பேசுகிற ஒரே ஆள் அவன். முதலில் வெட்டுவது அவனைத்தான்.

‘அப்படியானால் எதையுமே சுருக்கக்கூடாதா சார்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இன்றைக்கு நாம் கேட்கிற கர்நாடகக் கச்சேரியின் வடிவமே சுருக்கியதுதான். வர்ணத்தில் ஆரம்பித்து, விறுவிறுப்பாகக் கீர்த்தனைகள் பாடி, ஒரு பெரிய ராகத்தை விஸ்தாரம் செய்து, துக்கடாவில் முடிக்கிற முறையை நிலைநிறுத்தியவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். அதனால் சங்கீதம் செத்துவிடவில்லை. இன்னும் நிறையப் பேரிடம் போய்ச் சேர்ந்தது. ஆனால் ஒன்று கவனியுங்கள். எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்தவர் மேடையில் உட்கார்ந்து பாடியவர். கூத்து விஷயத்தில் கத்தரிக்கோல் யார் கையில் இருக்கிறது? வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு பக்கவாட்டில் நிற்கிற விழாக் கமிட்டிக்காரர் கையில். சுருக்குவது குற்றமில்லை, யார் சுருக்குகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கூத்துக்காரர்கள் மாறமாட்டோம் என்று அடம் பிடிக்கிறவர்களும் இல்லை. புரிசை கண்ணப்பத் தம்பிரான் குழு பாரதக் கதையோடு நிற்காமல் பிரெக்டின் நாடகத்தையும் மார்க்வெஸின் கதையையும் கூத்தாக ஆடியிருக்கிறது. பி. ராஜகோபாலும் மற்றவர்களும் 1990ல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் குருகுலப் பள்ளியே நடத்தியது. பெண் பிள்ளைகளும் அங்கே வேஷம் கட்டக் கற்றார்கள். அந்தப் பள்ளி 2020ல் நின்றுபோனது. மாற்றம் உள்ளேயிருந்து வந்தபோதெல்லாம் கூத்து தாக்குப்பிடித்திருக்கிறது.

அடுத்து அந்தப் பயிலரங்கு. பறையில் கற்றுக்கொள்ள வேண்டியது என்னென்ன? வேப்பமரச் சட்டம், அதில் இழுத்து ஒட்டிய தோல், அந்தத் தோலை நெருப்பில் காய்ச்சிச் சத்தத்தை ஏற்றுகிற பக்குவம், அடிக்குச்சி, சிண்டுக்குச்சி, அடிகள், அடியோடு சேர்ந்த ஆட்டம். இரண்டு மணி நேரத்தில் நீங்கள் கற்றுக்கொள்வது ஒரே ஓர் அடி. அதுவும் திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் மறந்துவிடும். பரவாயில்லை, ஆசைக்கு அடித்துப் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் இந்த வாத்தியத்தைச் சாவு வீட்டில் அடித்தே ஆகவேண்டும் என்று ஒரு ஜாதியைக் கட்டாயப்படுத்தினோம். அடித்தவர்களைத் தெருவுக்குள் விடவில்லை. பயிலரங்கில் அதற்கு ஐந்து நிமிஷம் ஒதுக்குகிறார்களா? வேலு ஆசானுக்குப் பறைக்காகவும் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்குக் கூத்துக்காகவும் 2025ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். டெல்லி வரைக்கும் போன மரியாதை, நம் தெருவில் இன்னும் ‘ஃபன் ஆக்டிவிட்டி’ என்ற பெயரில்தான் இருக்கிறது.

இத்தனைக்கும் உரை, நிகழ்ச்சி, பங்கேற்பு என்கிற இந்த மூன்றடுக்கு ஏற்பாட்டை நகரத்து ஈவெண்ட் மேனேஜர்கள் கண்டுபிடிக்கவில்லை. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போய்ப் பாருங்கள். மத்தியானம் பாரதப் பிரசங்கம், அதாவது உரை. அன்றைக்குப் படித்த கதையை ராத்திரி கூத்தாக ஆடுவார்கள், அது நிகழ்ச்சி. அர்ச்சுனன் தபசு அன்றைக்கு வேஷக்காரர் தபசு மரத்தில் ஏறி மேலேயிருந்து போடுகிற எலுமிச்சம்பழத்துக்குப் பெண்கள் மடியேந்தி நிற்பார்கள். கடைசி நாள் மண்ணில் பிரும்மாண்டமாகத் துரியோதனனைச் செய்து கிடத்திப் படுகளம், சாயங்காலம் தீமிதி. ஊரே பங்கேற்பாளர்தான். பத்து நாள், பதினெட்டு நாள் என்று நடக்கிற இந்த ஏற்பாட்டில் உரையைக் கேட்டவனுக்குக் கூத்து புரிகிறது. கூத்து பார்த்தவன் படுகளத்தில் அழுகிறான். ஒன்று இன்னொன்றுக்குப் படிக்கட்டு. நம் ஊர் அறிவிப்பில் மூன்றும் மூன்று தனித்தனி ஸ்டால்.

தட்சிணசித்ராவைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். 1996ல் திறந்ததிலிருந்து அவர்கள் செய்திருப்பது பெரிய காரியம். இடிக்கக் கிடந்த பழைய வீடுகளைப் பிரித்தெடுத்து வந்து, மறுபடி கோத்து நிறுத்தியிருக்கிறார்கள். குயவரும் நெசவாளரும் கண்ணெதிரே வேலை செய்கிறார்கள். ஆனால் அது காலையில் திறந்து சாயங்காலம் மூடுகிற இடம். பகல் வெளிச்சத்தில் பானை வனையலாம், பாய் முடையலாம். ராத்திரியில் பிறந்த கலையைப் பகலில் சாம்பிள்தான் காட்ட முடியும். சாம்பிள் பார்த்தவர் முழுசும் பார்க்க ஆசைப்பட்டால் எங்கே அனுப்புவது? அந்த இடம் காலியாக இருக்கிறது.

அதைத் தாம்பரம் நிரப்பலாம் என்பது என் கட்சி. காரணம் சொல்கிறேன்.

முதல் காரணம் ரயில். ராத்திரி ஒன்பதரைக்கு முடிகிற நிகழ்ச்சியில் புறநகர்க்காரர்கள் எட்டேமுக்காலுக்கே நெளிய ஆரம்பித்துவிடுவார்கள். ஆட்டோ கிடைக்குமா, அடுத்த வண்டி எத்தனை மணிக்கு, கூடுவாஞ்சேரி போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? பாதிக் கவனம் மேடையில், பாதி டைம்டேபிளில். விடிய விடிய நடக்கிற கூத்தில் இந்தக் கவலையே கிடையாது. சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாக வரலாம். முடிகிறபோது முதல் ரயில்கள் ஓடத் தொடங்கியிருக்கும். பக்கத்துக் கிராமத்திலிருந்து நடந்து வந்தவர்கள் வெளிச்சத்தில் திரும்பிப் போவதற்குத் தோதாக இருந்ததும் கூத்து விடிய விடிய நடந்ததற்கு ஒரு காரணம் என்பார்கள். புறநகர் வாழ்க்கைக்கு இதைவிடப் பொருத்தமான கலை வடிவம் கிடையாது.

இரண்டாவது, இடம். திறந்தவெளியில் ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. மூடிய அரங்கத்துக்குள் சத்தம் உள்ளேயே அடங்கினால் சரி. அதற்காகப் புது ஆடிட்டோரியம் கேட்டு மாநகராட்சிக்கு மனுப் போட வேண்டாம். பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை கல்யாண மண்டபத்துக்குப் பஞ்சமா? மார்கழியில் முகூர்த்தம் கிடையாது; மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். மழைக்காலத்தை ஒட்டிய மாதங்களில் கூத்துக்காரர்களுக்கும் ஆட்டம் குறைவு. பூட்டிய மண்டபமும் கட்டாத சலங்கையும் ஒரே மாதத்தில் சும்மா இருக்கின்றன. அதுமட்டுமில்லை, ராத்திரி நூறு பேர் தங்குவதற்கென்றே கட்டிய கட்டடம் அது. ஜமுக்காளம் உண்டு, பாத்ரூம் உண்டு, விடியற்காலை காபி போட அடுப்படி உண்டு. எந்த ஏ.சி. ஆடிட்டோரியத்தில் இதெல்லாம் கிடைக்கும்?

மூன்றாவது, பணம். பி.காம். படித்தவனிடம் கணக்குக் கேட்காமல் விடமாட்டீர்கள். இது உத்தேசக் கணக்குதான். உங்கள் ஊர் ரேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இருநூறு பேர், ஆளுக்கு 300 ரூபாய்: 60,000. கூத்துக்காரர் பதினைந்து பேருக்குத் தலைக்கு 2,000 வீதம் 30,000. வேன், வேஷ சாமான் 8,000. மண்டபம் 12,000. மைக், லைட் 5,000. காபி, இட்லி 5,000. வரவும் செலவும் சரி. நாடகம், நடன டிக்கெட்டில் 500 ரூபாய் வரை 2018லிருந்து ஜி.எஸ்.டி. விலக்கு. ஆக, ஜி.எஸ்.டி. இல்லாமலே ஜி.எஸ்.டி. சாலையில் கூத்து நடத்தலாம்.

இன்னொன்று. முகத்துக்கு அரிதாரம் பூசி, மரத்தில் செய்த கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டி முடிக்க மணிக்கணக்காகும். செய்யாறிலிருந்து வேன் வந்தாக வேண்டும். ஆடப்போவது நாற்பது நிமிஷமா, எட்டு மணி நேரமா என்பது டீசலுக்குத் தெரியாது. காமர்ஸில் இதை நிலையான செலவு என்போம். அவ்வளவு செலவையும் உழைப்பையும் நாற்பது நிமிஷத்துக்காக வீணடிப்பது கலைக்கு மட்டுமில்லை, கணக்குக்கும் ஆகாது.

‘நம்ம ஜனங்க ராத்திரி முழுக்க உட்கார மாட்டாங்க சார்’ என்பார்கள். ஐ.பி.எல். சூப்பர் ஓவர் பார்க்கிறார்கள். வெப் சீரிஸ் எட்டு எபிசோடையும் ஒரே ராத்திரியில் முடித்துவிட்டுச் சிவந்த கண்ணோடு ஆபீஸ் வருகிறார்கள். சிவராத்திரிக்கு விழிக்கிறார்கள். உட்காரவே வேண்டாம், படுத்துக்கொண்டே பார்க்கட்டும். கூத்தில் நடுவில் தூங்குவதும் ரசனைதான். கட்டியங்காரன் எழுப்பிவிடுவான்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. தாம்பரம் இன்றைக்குச் செங்கல்பட்டு மாவட்டம்; 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டம். கூத்து வேர்விட்ட வடதமிழ்நாட்டு மண் இதுதான். சென்னைக்காரர்கள் மாதிரி இதை நாம் இறக்குமதி செய்ய வேண்டியதே இல்லை. ந. முத்துசாமி கூத்துக்காரர்களோடு பழகி, ராத்திரி ராத்திரியாகக் கண்விழித்துப் பார்த்த அனுபவத்தில்தான் அவருடைய கூத்துப்பட்டறைக்கு உரம் கிடைத்தது. நமக்கு அது பக்கத்து ஊர்.

ஆகவே, மாடம்பாக்கத்திலோ பெருங்களத்தூரிலோ குடியிருப்போர் சங்கத்தில் இருக்கிற அன்பர்களே, வரும் மார்கழியில் ஒரே ஒரு சனிக்கிழமை முயன்று பாருங்கள். எந்தக் கதை, எவ்வளவு நேரம் என்பதைக் கூத்து வாத்தியாரிடம் விட்டுவிடுங்கள். கட்டியங்காரன் உங்கள் சங்கத் தலைவரைக் கிண்டலடித்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். முன்தினம் சாயங்காலம் கதையைச் சொல்ல ஓர் ஆளைப் பிடியுங்கள்.

பேப்பர் கட்டத்துக்கு அறிவிப்பு அனுப்பும்போது இவ்வளவு எழுதினால் போதும்: தெருக்கூத்து. தாம்பரம். இரவு 10 மணி முதல் விடியும் வரை. பாய், தலையணை கொண்டுவரவும்.